சுவருக்கு வெளியே ஒரு சிலுவை

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
10-2-1969, திங்கள்

அன்புள்ள ஞானகுமாரி அக்காவுக்குத் தம்பி கிறிஸ்துராஜின் தோத்திரம்.

ஜெயபாலின் முதல் மனைவி மரியபுஷ்பம் அடக்கமானதாக உங்கள் தங்கவயல் கோயில் பதிவேட்டில் குறிப்பு எதுவும் இல்லை. உங்கள் பங்குச் சாமியார் எனக்கு எழுதிய பதில் சனிக்கிழமைத் தபாலில் வந்தது. உனக்குச் சொல்லாமல் அவருக்கு எழுதியதற்குக் கோபிக்காதே.

ஜெயபால், நம் தங்கை செலின் மறுமணம் செய்துகொள்ள விரும்பும் ஆள். மாங்காட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, மாந்தோப்புக்குள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் கிணற்று மோட்டாரும் தோட்டமும் அவன் பொறுப்பு. புருஷன் பிரகாசம் இறந்த பிறகு ஒன்றரை வருடம் வாய் திறக்காமல் கிடந்தவளை ஆகஸ்டில் நான்தான் அங்கே கொண்டுபோய் விட்டேன். டிசம்பரில் பார்க்கப் போனபோது மோட்டார் கொட்டகைப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வந்தது சந்தோஷமல்ல, சந்தேகம்.

விசாரித்தேன். ஊர் எது என்றால் மேற்கே என்பான். மனைவி எப்படி இறந்தாள் என்றால் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவான். பூந்தமல்லி கோயிலில், மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுத்தபோதுதான் தங்கவயல் என்பதே வெளியே வந்தது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. முதல் மனைவி இறந்ததற்கு அத்தாட்சி வராமல் மூன்றாவது கிடையாது என்று இங்குள்ள சாமியார் சொல்லிவிட்டார்.

நேற்று பூசை முடிந்து, கடிதத்தோடு விடுதிக்குப் போனேன். ஜெயபால் படித்துவிட்டு, "புஸ்தகத்துல இருக்காது சார். கல்லறைச் செவுத்துக்கு வெளியே பாருங்க. நானே நட்ட சிலுவை" என்றான். தானாக உயிரை விட்டவர்களுக்குச் சுவருக்குள் இடமில்லை என்பது உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்காகக் கட்டும் கதை என்று செலினிடம் சொன்னேன். "இருவது வருசமா நியூஸ் எழுதிகினு கீறியே அண்ணே, எம் புருசன் ரயில்ல தவறி வுழுந்தாருன்னு யாரைக் கேட்டு எழுதுன? இந்தாளாண்டதான் நான் நெசத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரிக்கும் ஒரு கேள்வி கேக்கல" என்றாள்.

பேப்பரில் நான் எழுதிய அந்த இரண்டு வரிச் செய்தியால்தான் பிரகாசத்துக்குச் சுவருக்குள் இடம் கிடைத்தது. அது பொய்யென்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

இன்னமும் அவனை நான் முழுதாக நம்பவில்லை. ஒருவன் வாய்ச்சொல் செய்தியாகாது. அத்தானை அழைத்துக்கொண்டு நீயே போய்ப் பார். சிலுவை இருந்தால், அன்று குழியருகே நின்ற இரண்டு பேரைச் சாமியாரிடம் கூட்டிப்போய் அவர் கையெழுத்தோடு ஒரு வரி வாங்கி எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்பு. சனிக்கிழமைக்குள் வர வேண்டும். மூன்றாவது ஓலை ஞாயிறு, பதினாறாம் தேதி. அதற்கடுத்த புதனன்று தவசுக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் இல்லை.

சிலுவை இல்லாவிட்டால் இல்லையென்றே எழுது அக்கா, என்னைப் போல் எழுதிவிடாதே. இருக்க வேண்டுமென்று நேற்றிலிருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்