குலுக்காத விஸ்கி சவர்

எங்கிருந்தாலும் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் இல்லாத முதல் தீபாவளி சீசன் முடிந்தது. உங்கள் மகன் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியை நிதானமாகவே நடத்துகிறான். வெம்பக்கோட்டை அணையில் ஓரளவு தண்ணீர் கிடக்கிறது. நீங்கள் முதலில் கேட்கக்கூடியவை இவைதான் என்பதால் முதலில் சொன்னேன்.

சென்ற ஞாயிறன்று அக்கா என்னை விருதுநகரிலிருந்து வரவழைத்தாள். உங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டில்களைக் கொட்டிவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டுமாம். தம்பி வக்கீலாக இருப்பதால், அதற்கும் என்னைக் கேட்கிறாள்.

சீசன் ஓய்ந்த மாதங்களில், ஞாயிறு மாலைகளில் அந்த அலமாரியைத் திறப்பீர்கள். விஸ்கியில் மன்ஹாட்டன் காக்டெய்ல் கலப்பீர்கள். ஓல்ட் ஃபேஷன்ட் என்ற இன்னொரு காக்டெய்லில் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு ஊற்றுவீர்கள். இரண்டிலும் குறை சொல்ல இடமில்லை. விஸ்கி சவர் மட்டும் தோற்றது. விஸ்கியும் எலுமிச்சைச் சாறும் முட்டையின் வெள்ளைக்கருவும் மூடிய குவளையில் குலுங்கினால்தான் நுரை எழும். இளவயது முதல் வெடிமருந்து கலந்த உங்கள் கையோ, மூடிய எதையும் குலுக்கச் சம்மதிக்கவில்லை.

“குலுக்குற சோலியே வேணாம் மாப்ள. மருந்தக் குலுக்குனவன் எவன் வீடு வந்து சேந்தான்?”

“இது எலுமிச்சம்பழம் அத்தான்.”

“அது கைக்குத் தெரியுமாலே?”

பிறகு கரண்டியால் ஓசையின்றிக் கலக்குவீர்கள். வெள்ளைக்கரு நூல் நூலாக மிதக்கும். நாம் இருவரும் வடிகட்டிக் குடிப்போம். அக்காவுக்கு அதே எலுமிச்சையில் உப்புப் போட்டுச் சர்பத் அடுக்களைக்குப் போகும்.

கொட்டுவதற்கு முன் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைக்கலாம் என்றேன். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம்தானே. இம்முறை முறைப்படி குலுக்கினேன். நுரை நன்றாகத் திரண்டது. வைத்துக் கும்பிட்டு நிமிர்வதற்குள் அக்கா கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள்.

“அக்கா!”

“படைச்சத வீட்டு ஆளு தொடணும்லே. ஆனா இது ஒங்கத்தான் போட்டது மாதிரி இல்ல. என்னலே இது, சோப்புத் தண்ணியாட்டம் நுரை? அவுக கலக்குனா தட்டையா, புளிப்புத் தூக்கலா இருக்கும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கிளாசக் கழுவுறது யாரு, நீயா? அடியில கிடக்குறத ஒரு வாய் பாத்துட்டுத்தான் கழுவுவேன்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“எம்புட்டு வருசம்! ஒரு நாளாச்சும், ஒனக்கும் வேணுமான்னு கேப்பாகன்னு இருந்தேன். கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்ல?”

அத்தான், உங்கள் மீது குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. அவள் முகம் சுளிப்பாள் என்று நீங்கள் அனுமானித்தீர்கள். நானும் அவ்வாறே அனுமானித்தேன். எதையும் விசாரிக்காமல் ஏற்காதவன் என்று பெயரெடுத்த எனக்கு, சுவருக்கு அப்பால் நின்றவளை விசாரிக்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த மாலைகளில் நம்மோடு வந்து உட்கார்ந்திருப்பாளா? உங்கள் புளிப்பைக் கேலி செய்திருப்பாளா? அந்தக் கேலியை நீங்கள் எவ்வளவு ரசித்திருப்பீர்கள்!

பாட்டில்களைக் கொட்டவில்லை. அலமாரியைச் சாத்திவிட்டு, “வார ஞாயித்துக்கெழமையும் வாலே” என்று மட்டும் சொன்னாள்.

வருவேன். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும், “அக்கா, உனக்கு?” என்று கேட்பேன். வேண்டாம் என்று அவள் சொல்லக்கூடும். அதைச் சொல்லும் வாய்ப்பை இனி ஒரு நாளும் அவளிடமிருந்து பறிக்க மாட்டேன் என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்களுக்கு என்றைக்கும் மாப்ள.