கங்கையம்மாள் போட வேண்டிய கையெழுத்து

முடிச்சூர்,
ஜூன் 11, புதன்கிழமை.

அன்புள்ள கங்கா அக்காவுக்கு,

முடிச்சூரிலிருந்து வினிதா. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்களும் சக்தியும், பழவேற்காட்டில் உங்கள் தம்பி வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே கடல் காற்றாவது வரும். இங்கே கத்திரி முடிந்தும் வெயில் போக மனசில்லாமல் நிற்கிறது.

ஐந்து நாளாக உங்கள் போனுக்கு அடிக்கிறேன். அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவளோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? கடைசியில் கோ-கார்ட் மைதானம் நடத்தும் ஜேசனிடம் கெஞ்சி உங்கள் தம்பியின் விலாசத்தை வாங்கினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் உங்கள் மேல் அப்படித்தான் வந்தது. இப்போது இல்லை.

ஒரு வேண்டுகோள். தன் அம்மா எட்டாவது வரை படித்தவர் என்று சக்தி பெருமையாகச் சொல்வாள். இதை நீங்களே படியுங்கள், அவளைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அவள் காதில் விழக்கூடாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நான் எழுதுவது என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இவர் காரின் வீடியோவை யாரோ உங்களுக்குக் காட்டிவிட்டதாக ஜேசன் சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் ரேஸில் இவர் கார் மூன்று முறை உருண்டது. அதை வேலிக்கு வெளியிலிருந்து எடுத்து, பாட்டு வேறு சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான் ஒருத்தன். யாரென்று தெரிந்தால் என் செருப்பு பேசும். கார் தலைகீழாகக் கிடப்பதோடு அந்த வீடியோ முடிந்துவிடும். இவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு தானாகவே வெளியே வந்ததும், ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவரிடம் “வண்டிக்கு ரொம்ப அடியா சார்?” என்று கேட்டதும் அதில் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. ‘அவ்வளவுதான்’ என்று எழுதுவது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு ரேஸ் என்றாலே கோவளத்தில் உங்கள் மூன்றாம் வீட்டுப் பையன் ஞாபகம்தான் வரும். ஈ.சி.ஆரில் பைக்கைப் பந்தயம் விட்டுப் போய்ச் சேர்ந்தவன். அவனைக் கழுவிக் கிடத்தியதைப் பார்த்தவர் நீங்கள். ஆனால் அந்த ரோட்டில் எதிரில் லாரி வரும், மாடு வரும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் எதிரில் எதுவும் வராது. காருக்குள் இரும்புக் கூண்டு உண்டு. ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் ஒரு வண்டியையும் கிளப்ப விடமாட்டார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் சிக்னலை ஸ்கூட்டியில் தாண்டுவதைவிட அது பரவாயில்லை என்பார் இவர். ஆபத்தே கிடையாது என்று மட்டும் நான் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

சக்தியை நாங்கள் முதலில் எப்படிப் பார்த்தோம் என்று உங்களுக்குச் சொன்னதே இல்லை. போன வருஷம் தீபாவளி லீவில் எங்கள் அனுவைக் கோ-கார்ட் ஓட்டக் கூட்டிப் போயிருந்தோம். உங்கள் பெண் வருகிறவர்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டுக் கொண்டிருந்தாள். சாயங்காலம் மூடும் நேரம். பன்னிரண்டு குட்டி வண்டிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் போய் ஷெட்டில் விட்டாள். கடைசித் திருப்பத்தில் பின்சக்கரத்தை லேசாக வழுக்கவிட்டு, சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்துவாள். பன்னிரண்டும் கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசை. முகத்தில் ஒரு அலட்டல் இல்லை, தட்டு கழுவி அடுக்குகிறவள் மாதிரி இருந்தாள். இவர் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது, அதுகூடத் தெரியாமல் நின்றார். அங்கிருந்தே தன் ரேஸ் டீமை நடத்தும் கேசவன் சாருக்குப் போன் போட்டு, “ஒரு பொண்ணு கீது சார், வந்து பாருங்க” என்று சொன்னவர் இவர்தான். தன் சீட்டுக்குத் தானே வைத்துக்கொண்ட வேட்டு அது. தெரிந்திருந்தாலும் போன் போட்டிருப்பார். அந்த மனுஷன் அப்படி.

கேசவன் சார் டீமில் பதினொரு வருஷம் கார் ஓட்டியவர் இவர். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எல்லா டீமிலும் ஒரு கூத்து நடக்கும். முப்பத்தைந்தைத் தாண்டினவனைப் பார்த்து “உடம்பெல்லாம் எப்படி இருக்கு?” என்று அன்பாக விசாரிப்பார்கள். அப்படி விசாரித்தால் சின்ன வயசு ஆள் ஒருத்தரைப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த ஜனவரியில் கேசவன் சார் இவரை மூன்று தடவை விசாரித்தார்.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரே கார், ஒரே மாதிரி டயர், ஆளுக்குப் பத்துச் சுற்று. இனிதான் அக்கா, சக்தி காதில் விழக்கூடாத விஷயம். நான் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாலும், ரேஸ் நாளில் என் வேலை ஸ்டாப்வாட்ச். இப்படித் தனியாக ஓட்டிப் பார்க்கிற நாளில் நேரம் எடுக்க மெஷின் வைக்க மாட்டார்கள், என் கட்டைவிரல்தான் மெஷின். இவருடைய நல்ல சுற்று ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. அப்புறம் சக்தி ஏறினாள். ஆறாவது சுற்றில் வாட்சைப் பார்க்கிறேன், ஐம்பத்தொன்று காட்டுகிறது. விரல் தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாவதும் ஐம்பத்தொன்று. நான் பேப்பரில் ஐம்பத்துமூன்று என்று எழுதினேன். இரண்டு தடவையும், மீதிச் சுற்றுக்கும்.

பதினொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் நான். உங்கள் பெண்ணுக்குத்தான் முதன்முதலாக எழுதினேன். கேசவன் சார் பேப்பரைப் பார்த்துவிட்டு, மோகனே இந்த வருஷமும் ஓட்டட்டும் என்றார். சக்தியும் பார்த்தாள். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த ‘சரிக்கா’ இன்றுவரை என்னைக் குத்துகிறது. என்னை மன்னிக்க வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்கிறேன், அவளிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

அப்போது இவர் தூரத்துத் திருப்பத்தில் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “சார், டைம் தப்பா கீது. வினிக்கு வெயில்ல வெரல் ஸ்லிப் ஆயிருக்கும். நான் பிரேக் அடிக்கிற எடத்தத் தாண்டிப் போயிதான் அது அடிக்குது. என்னவிட அந்தப் பொண்ணுதான் ஸ்பீடு” என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த வாட்சை வாங்கிக்கொண்டார். அவளை மறுபடி ஓட்டச் சொன்னார். ஐம்பத்தொன்று. தன் கையாலேயே எழுதிக் கேசவன் சாரிடம் நீட்டினார். அக்கா, பத்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய புருஷனை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். கோப்பையோடு நிற்கும்போதெல்லாம் பார்த்ததைவிட அன்றைக்கு அவர் உயரமாக இருந்தார்.

அவ்வளவு தள்ளிப் போய் பிரேக் பிடிக்க எப்படித் தைரியம் வந்தது என்று கேசவன் சார் சக்தியைக் கேட்டார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வாடை எதிர்ல அடிச்சிக்கினு கீது சார். காத்தே வண்டியப் புடிச்சுக்குது. அப்பறம் இன்னாத்துக்கு நான் முன்னாடியே மிதிக்கணும்?” இதை யார் சொல்லிக் கொடுத்தது என்றார் சார். “எங்கம்மா கருவாடு காய வைக்குது சார். காத்து தெரியாம எப்டி பொழைக்கிறது?” என்றாள். பதினொரு வருஷம் அந்தத் திருப்பத்தில் டயரைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், காற்றைப் பார்க்கவே இல்லையே என்று இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரை ஜெயித்தது சக்தி மட்டுமில்லை அக்கா, அதில் பாதி நீங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பெருங்களத்தூர் சிக்னலில், “கட்டைவிரலுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடு வினி” என்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பங்குனியில் நீங்கள் நெத்திலிக் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். “எம்பொண்ணால உங்க வூட்டுக்காரருக்கு வேல பூட்ச்சா?” என்று நேராகக் கேட்டீர்கள். சேச்சே, தாம்பரத்தில் அவருக்கு வீல் அலைன்மெண்ட் கடை இருக்கிறதே என்று சிரித்து மழுப்பினேன். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாகப் போனீர்கள்! அந்தப் பாழாய்ப்போன வீடியோ வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

இப்போது நிலைமை இதுதான். சக்திக்குப் பதினெட்டு ஆக ஐப்பசி வரவேண்டும். அதுவரை தாயோ தகப்பனோ சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் ரேஸ் லைசென்ஸ் கிடைக்கும். அவள் தகப்பன் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். இருபதாம் தேதிக்குள் படிவம் வரவில்லை என்றால் கேசவன் சார் மறுபடி இவரைத்தான் உட்கார வைப்பார். ஐப்பசிக்குள் பாதி சீசன் ஓடிவிடும், அதற்குள் வேறு யாராவது சின்னப் பிள்ளை வந்துவிடும். ஊருக்குக் கிளம்பும் முன்னால் சக்தி இவருக்குப் போன் செய்து, “எங்கம்மா வேணாம்னா வேணாம்ணா” என்றாளாம். அழவில்லையாம். அவள் உங்களை எதிர்த்துப் பேச மாட்டாள், அதனால்தான் நான் பேசுகிறேன். இவர் பாட்டுக்கு தினமும் ஷெட்டுக்குப் போய் அவள் உயரத்துக்கு சீட்டை நான்கு விரல் முன்னால் நகர்த்தி, பெடலை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். வருகிறாளோ இல்லையோ என்று கேட்டேன். வந்தால் கால் எட்ட வேண்டுமே என்றார்.

விட்டுவைத்த மீதியை இப்போது எழுதுகிறேன். இவர் கார் உருண்டபோது நான் மைதானத்தின் மறுகோடியில் இருந்தேன். புழுதி மட்டும்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கிறார் என்று ஆள் வந்து சொல்ல நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷம் மறுபடி வந்துவிடுமோ என்றுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு ரேஸிலும் நின்றேன். இவருக்கு சீட் இல்லை என்று ஆன அன்று இவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேசரி கிண்டினேன் அக்கா. சந்தோஷம் தாங்கவில்லை. இவர் தோற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பொய் எழுதியவளும் நான்தான், தோற்றதற்குக் கேசரி கிண்டியவளும் நான்தான். என்ன ஜென்மமோ.

அதனால், புருஷனைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவள் நம் பெண்ணை அனுப்பச் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை, பாதி அதுதான். என் தலையிலிருந்து இறக்கிய கூடையை உங்கள் தலையில் ஏற்றச் சொல்கிறேன். எந்த முகத்தோடு கேட்கிறாய் என்று நீங்கள் திட்டலாம். எங்கள் அனுவுக்கு ஒன்பது வயசு. நாளைக்கு அவள் இப்படி ஒரு படிவத்தை நீட்டினால் நான் கையெழுத்துப் போடுவேனா என்று மூன்று நாள் யோசித்தேன். போட மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லை, நான் இருந்தேன். சக்தி காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரிக்கக்கூட இல்லை. திரும்பி அந்தப் பாதையைப் பார்த்தாள், பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அப்படி ஒரு முகத்தை நான் இவரிடம்கூடப் பார்த்ததில்லை. அந்த முகத்தை அதைப் பெற்றவளும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் மற்ற பாதி. சம்மதித்தால் நீங்களும் மைதானத்துக்கு வாருங்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நான்கு நிமிஷம் என்றாலும் நாற்பது நிமிஷம் என்றாலும்.

சம்மதமில்லை என்றாலும் நம் உறவில் குறை வராது. இவர் ஓட்டுவார், நான் பழையபடி நிற்பேன். உங்கள் பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும், என் பிள்ளையின் அப்பாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில்தான் வேண்டிக்கொள்கிறேன். சாமி எதைக் காதில் வாங்குமோ தெரியாது.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். அழுத்தி வைக்கவில்லை அக்கா. வேண்டாம் என்றால் விரலால் தேய்த்தாலே போய்விடும்.

உங்கள் தங்கையாக நினைத்துக்கொள்ளும்,
வினிதா மோகன்ராஜ்