நாள் தள்ளிப்போன மதினிக்கு

மதினி,

இன்று காலை மாவடு ஜாடியைத் திறந்தேன். கடுகும் மிளகாயும் ஏறிய அந்தப் புளிப்பு வாடை வந்ததும், ஒரு வடுவை வாயில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்கும் உன் முகம் வந்துவிட்டது. தும்மலா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. மிளகாய் நெடி என்று ஆத்தாவிடம் சொல்லிவைத்தேன்.

அண்ணனுக்கு வாக்கப்பட்டு நீ வந்த நாளிலிருந்து இந்த ஜாடிக்கு நாம் இருவரும்தான் எலிகள். ஆனால் மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லாத மருமகள் வடு தின்றால் அர்த்தமே வேறு. மசக்கை என்று ஆத்தா முடிவு கட்டிவிடுவாள். "நானுந்தான் அரை ஜாடியத் தின்னுருக்கேன். எனக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய்.

சிரித்தாலும் உனக்குள்ளும் அதே ஆசைதான். இடுப்பு கடுக்கும், மார்பு கனக்கும், காரணமில்லாமல் கண்ணீர் வரும். "இந்தவாட்டி நின்னுருச்சுடி" என்பாய். மறுநாளே தீட்டென்று பின்கட்டு அறையில் தனிப்பாயில் உட்கார்ந்திருப்பாய். "தீட்டு வாரதுக்கு முந்தியும் இந்த வலிதான், புள்ள தங்குனாலும் இந்த வலிதானாம். நான் எத நம்ப?"

அந்த மாசியில் நாள் கொஞ்சம் தள்ளியது. ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை, மேலூருக்கு ஆள் விட்டாள். உன் அம்மாவும் அப்பாவும் வளையலும் பணியாரமுமாக வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். பணியாரத்தை ருசி பார்த்துவிட்டுக் கூடத்தில் ஆத்தா இலை போடும் நேரத்தில் நீ என்னைக் கொல்லைக்கு இழுத்தாய்.

"வந்துருச்சுடி. இந்தத் தடவையும் இல்லேன்னா பழங்காநத்தத்துப் பொண்ண உங்கண்ணனுக்குக் கட்டிவச்சிருவேன்னு அத்தை சொல்லிருக்காக. எங்கப்பாரு முன்னாடியே சொல்லிருவாகடி."

எனக்குத் தெரிந்தது குறும்பு ஒன்றுதான். உன்னை முன்னால் கூடத்துக்கு அனுப்பினேன். "ஆத்தா, நான் தூரம்!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் ஓடிவந்து, எல்லோரும் பார்க்க உன்னைக் கட்டிக்கொண்டேன். நம் வீட்டில் தூரமானவள் விரல் பட்டாலே பட்டவளுக்கும் தலைமுழுக்கும் அன்றைக்குப் பின்கட்டும்தான்.

"அடி பாவி! புள்ளத்தாச்சியப் போய்த் தொட்டுட்டியேடி! போங்க ரெண்டு பேரும் பின்னாடி!"

நீ குளித்துச் சேலை மாற்றி, ஒருவர் கேள்விக்கும் ஆளாகாமல் பின்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் அம்மா அந்த அறை வாசலுக்கு வந்து குந்தினாள். அவளிடம் நீயே மெல்லச் சொன்னாய். தீட்டென்றும் பாராமல் உன் தலையைத் தடவிவிட்டு, எழுந்துபோய் ஆத்தாவிடம் சொன்னாள்: "நாங்கதான் முந்திக்கிட்டு சீரோட வந்துட்டோம் சம்பந்தி. இம்புட்டு நாள் பொறுத்தவுக, இன்னுங் கொஞ்சம் பொறுங்க." அவர்கள் பணியாரத்தைத் தின்ற வாயால் ஆத்தாவுக்குப் பழங்காநத்தத்தைப் பேச வரவில்லை. உன் அப்பா தலை நிமிர்ந்தபடியே வண்டி ஏறினார்.

ஐப்பசியில் மறுபடியும் நாள் தள்ளியது. அதே கடுப்பு, அதே கனம். ஆனால் இந்தத் தடவை அவை விட்டுப் போகவில்லை. உலை கொதிக்கும் வாடைக்கே குமட்டினாய்; அம்மியில் கை வைத்தபடியே தூங்கினாய். அப்போதும் என்னைத் தவிர ஒருவரிடமும் நீ மூச்சு விடவில்லை. "இன்னொரு மாசமுந் தள்ளட்டும். ஒடம்பு பேசி முடிக்கட்டும்டி, நாம குறுக்க பேச வேணாம்." வாயில் எந்த ரகசியமும் தங்காத நான் அதைக் காத்தேன். மார்கழியில் மருத்துவச்சி உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆத்தாவைக் கூப்பிட்டபோது, நீ என்னைப் பார்த்துத்தான் சிரித்தாய்.

போன வருஷக் காய்ச்சலில் போய்விட்டாய். உன் மகன் இப்போது என் சடையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறான்.

வைகாசியில் எனக்கு விளாங்குடியில் கல்யாணம். பத்தொன்பது வயதிலேயே என்னைக் கிழவி என்கிறாள் ஆத்தா. என் உடம்பும் ஒருநாள் என்னை இப்படிக் குழப்பும். வரப்போகும் மாமியார் எவ்வளவு முடுக்கினாலும் பொறுத்திருந்துதான் வாயைத் திறப்பேன். ஒருத்திக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவள் இடத்தில் வேறு யாரையும் வைத்துப் பார்க்க முடியவில்லை மதினி.