ஆண்டு மலரில் இல்லாத தாள்

19-2-92, புதன்
மாசி பிறந்து ஒரு வாரம்தான், அதற்குள் இந்த வெயில். குழாயில் தண்ணீர் வந்து ஐந்து நாள்.

கல்லூரி ஆண்டு மலரில் என் கட்டுரை. ‘கம்பெனிப் பெண்களும் கற்பும்’. தாலிக்கு முன் வயிற்றில் பிள்ளை வந்துவிட்டால் அவள் கெட்டவள் இல்லை, அவளைக் கெட்டவள் என்றால் அவன் மட்டும் எப்படி நல்லவன் என்று கேட்டிருந்தேன். அவ்வளவுதான். தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பனியன் கம்பெனி முதலாளி. கோபத்திலும் மரியாதை குறையாது.

“ஏனுங்க மேடம், வயசுப் புள்ளைங்க படிக்கிற இடமுங்க இது. எழுதுனது தப்புன்னு லெட்டர் குடுத்துருங்க. இல்லீன்னா வேலைய விட்டுருங்க.”

வெள்ளி வரை கெடு. வரலாறு சொல்லிக்கொடுப்பவள் வாயைத் திறக்கவே கூடாதாம். சை.

20, வியாழன்
மாணவிகளுக்குக் கொடுக்கும் முன் என் தாளை வெட்டி எடுக்க வேண்டுமாம். அத்தனை மலரும் வேனில் தாளாளர் கம்பெனிக்கே போயின. பனியனில் பிசிறு நூல் வெட்டும் செக்கிங் பெண்கள், அதே கத்தரியால் வெட்டுகிறார்களாம். யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களே. நல்ல கூத்து.

ஸ்டாஃப் ரூமில் சரோஜா என் பக்கத்தில் உட்காரவில்லை. அச்சுக்குப் போகும் முன் வாசித்துவிட்டு, தைரியமாகக் கொடுங்க என்றவள். முதல்வரிடம் படிக்கவே இல்லை என்றாளாம். அவளுக்கும் பயம் இருக்காதா. இருந்தாலும் வயிறு எரிகிறது. புளிசாதம், தனியாக. பாதி காக்கைக்கு.

வாங்க: சீயக்காய், இங்க், தலைவலி மாத்திரை.

21, வெள்ளி
காலையில் கொடுத்துவிட்டேன். நாலு வரி. ‘நான் எழுதியது தவறு.’ நாற்பத்தொரு வயது, ஒண்டிக்கட்டை, வேறு எந்தக் கல்லூரி எடுக்கும்? தாளாளர் காபி வரவழைத்தார். அதையும் குடித்தேன், வெட்கங்கெட்டவள்.

சாயங்காலம் பெருமாநல்லூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும், தலைமுடியில் பஞ்சு. தாளாளர் கம்பெனியில் செக்கிங்காம். மலரில் என் போட்டோவைப் பார்த்திருக்கிறாள், வெட்டும்போதே கட்டுரையைப் படித்தும் விட்டாளாம். சுற்றுமுற்றும் பார்த்தாள். தாவணியை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நெசந்தானுங்களா டீச்சர்? அப்படிப்பட்டவ கெட்டவ இல்லீங்களா?”

“இல்லை கண்ணு” என்றேன்.

“அது போதுமுங்க. காலேஜ் டீச்சரே எழுதியிருக்காங்கன்னு இன்னிக்கு ஊட்ல எங்கம்மாகிட்டச் சொல்லிருவேனுங்க.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். காலையில் நான் கையெழுத்துப் போட்டதை அவளிடம் சொல்லவில்லை.