அரண்மனைக்குப் பக்கத்து வூடு

பாப்பா அப்பாவுக்கு,

போன்ல கேட்க வாய் வரல, அதான் எழுதறேன். லீவுல கள்ளக்குறிச்சியில பசங்களுக்குக் கூத்து சொல்லித் தராங்கல்ல, அதுல பாப்பாவுக்குத் துச்சாதனன் வேஷம். பாஞ்சாலி முடியப் புடிச்சு சபைக்கு இழுத்துக்கினு வரணும்.

இன்னிக்கு ஒத்திகை பாக்கப் போனேன். சவுரி முடிய லேசாப் புடிச்சா போதும்னு வாத்தியார் சொன்னாரு. இவ இன்னா பண்ணா தெரியுமா? முடிய மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கினு, பாஞ்சாலியா நின்ன பொண்ணு காதாண்ட குனிஞ்சு, "கத்தாத, பக்கத்து வூட்ல கேக்கும்"னா.

அரண்மனைக்கு ஏது பக்கத்து வூடுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

வசனத்துல அது இல்லியாம். யார் சொல்லித் தந்ததுன்னு வாத்தியார் கேட்டாரு. அவ என்னைப் பாத்தா.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்பல்லாம் அவள கடைக்கு அனுப்பிட்டுதானே நீங்க கதவச் சாத்துவீங்க?

ஞாயித்துக்கிழமை ஆட்டம். பெங்களூர்லேர்ந்து அப்பா வந்து முதல் வரிசையில உக்காரணும்னு சொல்லிக்கினே இருக்கா. வரவேணாம்னு எழுதத்தான் உக்காந்தேன். ஆனா அவளே கூப்புடறா. எதுக்குக் கூப்புடறான்னுதான் தெரியல.

இப்படிக்கு,
பாப்பா அம்மா