உன் பேரில் வந்த கோதுமை

மச்சான்,

இன்று தறிகள் நிறைந்த மருதமுனைக்குச் சாறன் வாங்கப் போனேன். தறியில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் அருகருகே ஓடிக்கொண்டிருந்தன. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சாறன் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ருமேனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போன நமக்கு அங்கே அது முதல் மார்ச். மாதம் பிறந்த காலையில், நாம் பாண் ரொட்டி வாங்கும் கடைக்காரப் பெண் நம் இருவர் கையிலும் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலைக் கட்டினாள். பனிக்காலம் போய் வசந்தம் வருவதற்கான நூலாம். மாதக் கடைசியில் அதைப் பூத்த மரமொன்றில் முடிந்துவிட்டு ஒரு விருப்பம் கேட்க வேண்டுமாம்.

"இந்த நூல் எங்கட ஊர்ப் பக்கம் ரோட்டெல்லாம் கிடக்கும்டா" என்று சிரித்தாய். ஆனாலும் நீ கழற்றவில்லை. நீ புறப்பட்டபின் பிறந்த மகளின் படத்தை அவளுக்குக் காட்டினாய். "மகளத் தூக்கணும். வேற என்னத்தக் கேக்க?" என்றாய்.

மரங்கள் பூக்குமுன்பே, உறைபனி படிந்த சாரப் பலகை வழுக்கி நீ உயரத்திலிருந்து விழுந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை என்றார்கள். உன் மையித்தை ஊருக்கு அனுப்ப அலைந்தேன். ஒவ்வொரு கதவிலும் இன்னொரு கதவைக் காட்டினார்கள். கடைசியில், அங்குள்ள துருக்கி முஸ்லிம்கள் சிலரோடு உன்னைக் குளிப்பாட்டி அங்கேயே அடக்கினோம். உன் மணிக்கட்டு நூலை வெட்டியது நான்தான்.

"மவுத்தான முகத்தப் பாக்காம நான் எப்பிடிக் காக்கா நம்புற?" என்று, என்னை அண்ணன் முறை சொல்லி அழைக்கும் உன் மனைவி போனில் அலறினாள்.

உன் வீட்டில் நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு கொடுத்த அன்று, அந்தப் பாண் கடைப் பெண் வேலைத்தளத்துக்கு என்னைத் தேடி வந்தாள். அவள் கையில் சீனியும் வாதுமையும் கலந்து அவித்த கோதுமை, ஒரு பாண், எரியும் மெழுகுதிரி. அவர்களுக்கும் நாற்பது உண்டாம் மச்சான். இறந்தவர் பேரில் கொடுப்பது அவரைப் போய்ச் சேருமாம். வாங்குகிறவர், "இறைவன் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டுமாம்.

வாங்கினேன். அவள் காத்து நின்றாள்.

"சொல்லு" என்றாள் மெதுவாக.

சொன்னால் நீ இல்லையென்று ஆகிவிடும். வாய் வரவில்லை. அவள் என் தோளைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போனாள்.

இப்போது நான் ஊரில். உன் மகள் வீடு முழுக்க ஓடித் திரிகிறாள். உன் மனைவி என்னைக் காணும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறாள்: "காக்கா, நல்லாப் பாத்தீங்களா? அது அவர்தானா?"

"ஓம் தங்கச்சி. அவர்தான்."

தலையாட்டுகிறாள். அடுத்த முறையும் கேட்கிறாள். அந்தத் தூர மண்ணில் உன் கபுறடியில் நின்று ஒரு பாத்திஹா ஓத அவளுக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை.

தொழுதுவிட்டுக் கையேந்துகிறேன். மவுத்தான எல்லாருக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன். உன் பெயர் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. பள்ளிவாசலில் எல்லாரும் எழுந்து போன பிறகும், ஏந்திய கையை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், மச்சான்.