காகிதம் நனைந்திருந்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பயந்துகொண்டே எழுதுவது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அண்ணி உனக்கு எழுதிய கடிதத்தின் உறை இன்னும் ஒட்டவில்லை. காலையில் ஒட்டித் தபாலில் போடுவது என் வேலை. அதற்குள் இதையும் செருகிவிடுவேன். உன் முகாமில் போன் எடுக்காது, உன்னோடு பேசும் ரேடியோவும் இப்போது செத்துக் கிடக்கிறது. வேறு வழியில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. குன்றின் மேலிருந்து அண்ணி கூப்பிடுவார் என்று காத்திருந்திருப்பாய். அவர் பாதி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ரேடியோப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. மூடியைச் சரியாக அழுத்தாதது தன் தப்பு என்று அண்ணி எழுதியிருக்கிறார். நம்பாதே. கிளம்பும்போது இரண்டு கொக்கிகளும் டக் டக்கென்று விழுந்ததை என் காதால் கேட்டேன்.

பெட்டிக்குள் தண்ணீர் புகுகிறதா என்று நீ வழக்கமாகச் செய்யும் சோதனையைச் சனிக்கிழமை நான்தான் செய்தேன். ரேடியோவை வெளியே எடுத்துவிட்டு, பெட்டிக்குள் செய்தித்தாளை மடித்துவைத்து மூடி, மேலே செங்கல் ஏற்றி, துணி துவைக்கும் தொட்டியில் அரை மணி நேரம் அமுக்கிவைத்தேன். திறந்தால் காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. மூடியின் ரப்பர் வளையத்தில் நீளமாக ஒரு முடி படுத்திருந்தது, அந்த இடுக்கில்தான் தண்ணீர் கசிந்திருக்கிறது. அண்ணியின் முடி. எடுத்துவிட ஒரு நிமிடம் ஆகாது. நான் எடுக்கவில்லை.

அண்ணி சமையலறையிலிருந்து, "என்ன வாலு, பேப்பர் காஞ்சிருக்கா?" என்று கேட்டார். வாலு என்று நீ மட்டும்தானே கூப்பிடுவாய்? அந்தப் பெயரையும் தூக்கிக் கொடுத்துவிட்டாயா? "சுக்கு மாதிரி காஞ்சிருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு உன் பின்னால் குன்றேறியவள் நான். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் காயவைத்து மாற்றியவள் நான். அண்ணி பரீட்சை எழுதி ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கியதும் மைக் அவர் கைக்குப் போய்விட்டது. போன வாரம் நாற்பது நிமிடம் பேசினீர்கள். கடைசியில், "வாலு ஒழுங்கா படிக்கிறாளா?" என்று கேட்டாய். என்னிடம் இல்லை, அவரிடம். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் அண்ணா. வயிறு எரிந்தது.

நேற்று முதல் வீடே அண்ணியை வறுத்தெடுக்கிறது. "ஒரு பெட்டிய மூடத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் ஒரு கேடா?" என்கிறாள் அம்மா. அப்பா காலையில் ஆன் செய்து பார்க்கப்போகிறாராம். ஓடாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவாராம், இனிமேல் யாரும் குன்றுப்பக்கமே போகக்கூடாதாம். ஈரத்தோடு ஆன் செய்தால் உள்ளே கருகிவிடும், நாலு நாள் காயட்டும் மாமா என்று அண்ணி கெஞ்சினார். "கெடுத்தவ பாடம் எடுக்காதே" என்றார் அப்பா.

அதனால் பேட்டரியைக் கழற்றி என் புத்தகப் பைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். காலையில் தேடுவார். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்.

அண்ணிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைக்கும்போது அந்த முடி கையில் வந்தது. விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் உனக்குத் தன் தப்பு என்றே எழுதியிருக்கிறார். நல்லவராக இருப்பதிலும் அவரே முந்திக்கொள்கிறார், அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

உறையைப் பிரித்ததும் நீ அவர் கடிதத்தைத்தான் முதலில் எடுப்பாய். எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை என்னுடையதை முதலில் படி, அண்ணா. படித்துவிட்டுப் பிறகு அவருடையதைப் படி.

உன் தங்கை